அடிக்குரல் பாடிய ஒன்பது பேர்

சிப்பிமுனையில் ஐப்பசி மாதம் கடலில் போய்க் கரை சேராத ஒன்பது ஆண்கள் மாசி மாதம் திரும்பவும் பாடத் தொடங்கினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, சூசையப்பர் கோவிலில் பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடுகிற அதே நேரத்தில், எப்போதும் அவர்கள் உட்காருகிற ஜன்னலோர இரண்டு பெஞ்சுகளிலிருந்து அவர்களுடைய குரல் வந்தது, ஆள் யாரும் வரவில்லை. பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுமோ என்று அவர்களுக்கு இருந்தது. ஆர்மோனியம் வாசித்த கனகமேரி டீச்சர் கட்டையிலிருந்து கையை எடுக்காமலே தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், பாட்டு முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது வரியில மிக்கேல்பிச்சை சுருதி எறங்குதான். எப்பவும் எறங்குற எடந்தான்" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் அழுகை வந்தது.

மெற்றில்டா அழவில்லை. அவள் பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ வரிசையின் கடைசியில், அந்தப் பெஞ்சுக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே வந்த ஒன்பது குரல்களில் ஒன்று அவளுடைய புருஷன் சந்தியாகுவினுடையது. அவன் ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்தையும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்தியே விட்டுவிடுவான், அன்றைக்கும் அப்படித்தான் விட்டான்.

அந்த ஒன்பது பேரும் ஒரே படகில் போனது எப்படி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தெற்கே மூன்று ஊர் தாண்டி ஒரு துறையில் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பாட சிப்பிமுனைக் குழுவை அழைத்திருந்தார்கள். வேனில் எல்லோருக்கும் இடம் போதாது, மிச்சப் பேர் சந்தியாகுவின் படகில் வரட்டும் என்று முடிவானது. யார் வேனில், யார் படகில் என்ற பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலை மெற்றில்டாவிடம் வந்தது. பெண்களின் மேல்குரல், ஆல்ட்டோ, ஆண்களில் மேலே பாடுகிற டெனர் எல்லாம் வேனில், கனத்துக் கீழே பாடுகிற அடிக்குரல் மொத்தமும் படகில் என்று அவள் போட்டாள். ஒரு குரலைப் பாதியாகப் பிரித்து இரண்டு பக்கமும் எழுதினால் பட்டியல் பார்க்க நன்றாயிருக்காது என்று அவளுக்குத் தோன்றியது, வேறு காரணமே கிடையாது. திரும்பும்போது காற்று வடக்கே மாறியது. வேன் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தது, படகு வரவில்லை. பதினொரு நாள் தேடியதில் கரைக்கு வந்தது ஒரு டீசல் கேன் மட்டும்தான். ஊரில் யாரும் மெற்றில்டாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பட்டியலை அவளே போய்ப் பலகையிலிருந்து பிய்த்து எடுத்து வந்து, எங்கே வைத்தாள் என்று தனக்கே தெரியாதபடி வைத்தாள்.

அவளுடைய பிழைப்பு இசைக்குறிப்பு அச்சுக்குத் தயார்செய்வது. கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் எட்டு வருஷம் அந்த வேலையைச் செய்தவள், ஊருக்கு வந்த பிறகும் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டு அதையே செய்தாள். யாரோ கையால் கிறுக்கி அனுப்புகிற சுரங்களை சாப்ட்வேரில் ஐந்து கோட்டின்மேல் ஒவ்வொன்றாக ஏற்றி, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைவெளி பார்த்து, வளைகோடு எழுத்தில் இடிக்காமல் நகர்த்தி, கீழே பாட்டின் சொல்லை அசை அசையாகப் பிரித்துப் பொருத்துவாள். ஆங்கிலச் சொல்லைப் பிரிக்கத்தான் அந்த சாப்ட்வேருக்குத் தெரியும். தமிழைப் பிரிக்கச் சொன்னால் கொம்பை ஒரு பக்கமும் எழுத்தை ஒரு பக்கமும் போட்டு, நடுவில் புள்ளிவட்டம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தும், அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடித் துடைப்பதிலேயே அவளுக்குப் பாதி நாள் போகும்.

கோவிலுக்கு நூறு வருஷம் ஆவதை முன்னிட்டு, வேதம் சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியார் ஒருவர் நான்கு குரலில் எழுதிவைத்த அறுபத்துநாலு பாட்டுகளைப் புத்தகமாகப் போட வேண்டும் என்பது பங்குத்தந்தை வலேரியன் சாமியின் ஆசை. படகு போவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. தை மாதம் சாமி அவள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஏம்மா, அடிக்குரல எடுத்துருவோமா? பாட ஆள் இல்லாம அத அச்சடிச்சு என்ன செய்ய. மூணு குரலாப் போட்டுரு" என்றார். அவள் சரி என்றாள். சரி என்று சொன்னவள் முதல் பாட்டைத் திறந்து, அடியிலிருக்கும் வரியை முழுதாகத் தேர்ந்தெடுத்து, அது திரையில் நீலமாக மாறி நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு, அழிக்கும் பொத்தானின்மேல் விரலை வைத்தபடி மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்றையும் அழிக்காமல் முதல் ஐந்து பாட்டை நான்கு வரியோடு அப்படியே அச்செடுத்து, பிழை பார்க்க என்று சொல்லி ஒத்திகைக்குக் கொண்டுபோனாள். ஆளுக்கொரு தாள் விநியோகித்தபோது பழைய பழக்கத்தில் ஜன்னலோரப் பெஞ்சுகளிலும் ஒன்பது தாள் வைத்துவிட்டாள்.

இப்படித்தான் அவர்கள் பாடினார்கள். ஏன் என்று யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உபதேசியாரின் பழைய நோட்டை வைத்துப் பாடிப் பார்த்தார்கள், பெஞ்சு சும்மா இருந்தது. மெற்றில்டா அச்செடுத்த தாளை வைத்தார்கள், குரல் வந்தது. அவ்வளவுதான் விஷயம் என்று ஊர் அதை எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை காலையில் ஒன்பது வீட்டிலிருந்தும் யாராவது ஒருத்தி வந்து அந்தப் பெஞ்சுகளைத் துடைத்தாள். மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்ததைத் திருப்பி வைத்தார்கள். மீன் ஏலம் சனிக்கிழமை மட்டும் மூன்றரைக்கே முடிந்தது, நாலு மணி பஸ்ஸின் டிரைவர் கோவிலுக்கு முன்னால் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்டுவிட்டு, எங்கள் ஊரில் அடிக்குரல் இதைவிடக் கனமாக இருக்கும் என்று சொல்லிப் போனார்கள். தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். உடல் கிடைக்காததால் செத்ததாக எழுத ஏழு வருஷம் ஆகும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தவர் அவர். இரண்டு பாட்டைப் பொறுமையாகக் கேட்டு, பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்து, கோப்பில் 'குரல் உண்டு, ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு, இதற்கு எந்தப் படிவம் என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆயருக்கு வலேரியன் சாமி எழுதிய கடிதத்துக்கு, தவக்காலமாதலால் பாட்டைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது.

அவர்கள் தாளில் உள்ளதை உள்ளபடியே பாடினார்கள், அதுதான் அவர்களிடம் புதிதாக இருந்தது. மூன்றாவது பாட்டில் மெற்றில்டா ஒரு சுரத்தைத் தவறிப்போய் ஒரு படி மேலே வைத்திருந்தாள்; ஒன்பது பேரும் அந்தத் தப்பையே நிமிர்ந்து பாடினார்கள். "உசுரோட இருக்கும்போது ஒரு நாளு நான் சொன்ன பேச்சக் கேட்டிருப்பானுவளா இவனுவ" என்றார் கனகமேரி டீச்சர். பெண்கள் சிரித்தார்கள். ஐப்பசிக்குப் பிறகு அந்தக் கோவிலில் யாரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

தாளில் உள்ளதை அவர்கள் பாடுவார்கள் என்றால், தாளில் எதை வேண்டுமானாலும் எழுதலாமே என்பது முதலில் தோன்றியது அமலிக்கு. அமலியின் புருஷன் கஸ்பார் படகில் போனபோது அவள் ஆறு மாத கர்ப்பம்; தையில் பெண் பிறந்தது, ரொசாரி என்று பெயர் வைத்தாள். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெற்றில்டாவின் முன்னறைக்கு வந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, அந்த எழுத்த மாத்த முடியுமா?"

"எந்த எழுத்த?"

"பாட்டுல 'மரியே மரியே'னு வருதில்லா, அதுல ஒரு எடத்துல இவ பேர வையுங்க. ஒரே ஒரு எடம். இவுக அப்பா ஒரு தடவ இவ பேரச் சொல்லிக் கேட்கணும்."

மெற்றில்டா அடிக்குரல் வரியை இரண்டாகப் பிரித்து, புதிய வரியின் இடது ஓரத்தில் கஸ்பார் என்று பெயர் போட்டு, மூன்று சுரத்துக்குக் கீழே ரொ, சா, ரி என்று பிரித்து வைத்தாள். கொம்பு கழன்றுபோய்ப் புள்ளிவட்டம் வந்து நின்றது. அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. சனிக்கிழமை கஸ்பார் தன் மகளின் பெயரைத் தனியாகப் பாடினான். தெளிவாக, இழுத்து, அவனுக்கே உரிய அந்தக் கரகரப்போடு பாடினான். அமலி பிள்ளையின் காதை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு மெற்றில்டாவின் வாசலில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். ஒரு தாய்க்குத் தன் மகன் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒருத்திக்குத் தன் புருஷன் அவளைக் கல்யாணமான புதிதில் கூப்பிட்ட ஒரு பெயர் வேண்டும், அதை மெற்றில்டாவிடம் வாயால் சொல்ல வெட்கப்பட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஒரு தகப்பனார், என் பையன் இருமட்டும், நெஞ்சுச் சளி அவனுக்கு, அந்த இருமல் கேட்டு நாளாச்சு என்றார், இருமலுக்கு என்ன குறி போடுவது என்று தெரியாமல் அவள் அவரைத் திருப்பி அனுப்பினாள். பங்குனி முழுவதும் இப்படிப் போனது. பாட்டுக்குள் பாட்டாக, வேதத்துக்குள் வீட்டுப் பேச்சாக, அச்செடுத்த பாட்டுகளில் அங்கங்கே ஒரு தனி வரி முளைத்து, அதன் ஓரத்தில் ஒரு பெயர் நின்றது, வலேரியன் சாமி எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காதவர்போலப் போனார்.

பிறகு தொபியாஸ் வந்தான். மிக்கேல்பிச்சையின் தம்பி. வலைக்கொட்டகை யாருக்கு என்று அவனுக்கும் அண்ணன் மனைவிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "கொட்டகை தம்பிக்குத்தான்னு அண்ணன் வாயால சொல்லட்டும். ஊர் கேட்கட்டும்" என்றான்.

"உங்க அண்ணன் அப்படிச் சொன்னாரா?"

"சொன்னானா இல்லையாங்கிறது எதுக்கு? எழுதுனா சொல்லுவான்ல."

மெற்றில்டா எழுத மாட்டேன் என்றாள். அவன் கோபப்படவில்லை, வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மத்தவங்களுக்கு எழுதுனதெல்லாம் மட்டும் அவனுவ சொன்னதாக்கும்" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவன் கேட்டது அவளுக்கு அப்போதுதான் தெரிந்ததல்ல. சித்திரை பிறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல், பதினெட்டாம் பாட்டில் சந்தியாகுவுக்கு என்று ஒரு வரி பிரித்து, ஐந்து சுரத்துக்குக் கீழே 'உன் பிழை இல்லை' என்று அசை பிரித்து வைத்திருந்தாள் அவள். சந்தியாகு அதைப் பாடினான். அவள் குறித்திருந்த மென்மையோடு, அவள் குறித்திருந்த இடத்தில் நீட்டி, 'லை'யை மட்டும் கொஞ்சம் முந்தி விட்டுவிட்டுப் பாடினான். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தான் எழுதியதைத் தானே படித்துக்கொண்டதுபோல இருந்தது, வீட்டுக்கு வந்து அந்த வரியை அழித்துவிட்டாள். அழிக்கும்போது விரல் தயங்கவில்லை என்பதை நினைத்து அன்றிரவு முழுவதும் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

முப்பத்தோராம் பாட்டுதான் எல்லாவற்றையும் மாற்றியது. புத்தகத்திலேயே நீளமான பாட்டு அது, கடல்மேல் நடந்து வந்த ஆண்டவரைப் பற்றியது. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் மெற்றில்டா அவசரத்தில் வேலை செய்தாள்; அடிக்குரல் வரியில் சின்னச் சின்ன ஓய்வுக்குறிகள், பாடுகிறவன் மூச்சு எடுத்துக்கொள்ள உபதேசியார் விட்டுவைத்த இடங்கள், பக்கத்தை நெருக்கியபோது ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அசிங்கமாகத் தெரிந்தன; அவற்றை எடுத்துவிட்டு, சுரங்களை ஒன்றோடொன்று வளைகோட்டால் சேர்த்துவிட்டாள். பக்கம் சுத்தமாக வந்தது. உயிரோடு இருக்கிற பாடகன் என்றால் குறி இல்லாவிட்டாலும் எங்கேயாவது மூச்சு எடுத்துக்கொள்வான், ஆகையால் அச்சில் அது பெரிய பிழையுமல்ல.

சனிக்கிழமை அதைப் பாடினார்கள். தாளத்தின் ஒரு கட்டத்தை அளவு என்பார்கள், எட்டு அளவு வரை நன்றாக இருந்தது. பன்னிரண்டாவது அளவில் பெண்கள் மூச்சு எடுத்தார்கள், டெனர் பாடிய இரண்டு கிழவர்களும் எடுத்தார்கள், ஜன்னலோரப் பெஞ்சு எடுக்கவில்லை. இருபதாவது அளவில் அந்தக் குரல்கள் மெலிந்து, நடுங்கி, தொண்டையின் அடியிலிருந்து பிழிந்து வரத் தொடங்கின. சுரம் மட்டும் தப்பவில்லை, தாளில் இருந்தபடி இருந்தது. கனகமேரி டீச்சர் கட்டையிலிருந்து கையை எடுத்தார், பெண்கள் நிறுத்தினார்கள், அவர்கள் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி அவர்களுக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒன்பது ஆண்கள் மூச்சில்லாமல் எப்படித் திணறியிருப்பார்கள் என்று ஐப்பசியிலிருந்து அந்த ஒன்பது வீடுகளிலும் எல்லோரும் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். அது இப்போது பட்டப்பகலில், கோவிலுக்குள், ஆறு பக்கத்துக்கு நடந்துகொண்டிருந்தது. சிலர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒரு தாய் பெஞ்சில் தன் மகனுடைய இடத்தைப் பிடித்து உலுக்கினாள். அமலி பெஞ்சில் கஸ்பாருடைய தாளைக் கிழித்தாள். கிழித்த தாளிலிருந்தும் குரல் வந்தது.

மெற்றில்டா, ஆர்மோனியத்தின்மேல் டீச்சர் வைத்திருந்த பேனாவை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். முதல் தாளில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு அளவு தள்ளி, வரிக்குக் குறுக்கே கோணல்மாணலாக ஓய்வுக்குறி ஒன்றைக் கிறுக்கினாள். அந்த இடம் வந்ததும் அந்த ஆள் மூச்சு எடுத்தான். தண்ணீருக்கு மேலே தலை வந்தவன் எடுக்கிற மூச்சு அது, கோவில் கூரை வரை கேட்டது. அடுத்த தாள், அடுத்த தாள், முழங்காலில் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொன்றாகப் போட்டாள், ஒவ்வொருவனாக மூச்சு எடுத்தான். சந்தியாகுவின் தாள் ஜன்னலை ஒட்டிக் கடைசியில் இருந்தது. அங்கே அவள் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய குரல் குரலாகவே இல்லை. அவள் குறியைப் போட்டாள், போட்ட கையைத் தாளின்மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பூசை முடிந்து அமலி வந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மெற்றில்டா கம்ப்யூட்டரைத் திறக்காமல் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அமலி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு யாரு வேன்ல, யாரு படகுலங்கிற லிஸ்ட நான்தான் போட்டேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"அடியில உங்க பேரு போட்டுத்தான ஒட்டியிருந்திய. ஊருக்கே தெரியும்."

"பொறவு ஏன் யாரும் ஒண்ணும் கேட்கல?"

அமலி பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "என்னன்னு கேட்க. வேன்ல வந்தா அவுகளுக்கு வாந்தி வரும், படகுதான் நல்லதுன்னு அவுகளே சொன்னாவ. நானும் சரின்னேன். அத யாருகிட்ட கேட்க நான்?"

மெற்றில்டா கம்ப்யூட்டரின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

"ஆனா ஒண்ணுக்கா. மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன். நீங்க எழுதிக் குடுத்தாலும் சொல்ல மாட்டேன். சில நாளு உங்க வாசலத் தாண்டிப் போவும்போது உங்கள வெறுக்கேன். சில நாளு இல்ல." பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டு, "பிள்ள பேர அவுக சொன்னாவளே, அது அவுக சொன்னது இல்லன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வச்சது. தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டு நின்னேன்" என்றாள்.

வெளியே யாரோ கருவாடு காயப்போட்டிருந்த வலையை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டாவுக்கு அப்போதுதான், ஆறு மாதத்துக்குப் பிறகு, அழுகை வந்தது. அமலி எழுந்து போகவும் இல்லை, பக்கத்தில் வந்து தொடவும் இல்லை, அவள் அழுது முடிகிறவரை அங்கேயே இருந்தாள்.

பிறகு மெற்றில்டா சொன்னாள்: "நேத்து அவிய மூச்சு எடுத்தாவளே, அது மட்டுந்தான் அமலி அவியளுடையது. மத்ததெல்லாம் நம்ம எழுதுனது."

"ஆமா."

"புத்தகம் ஆயிரம் பிரதி அடிக்காவ. எங்கெங்கேயோ போகும். யாரு எந்த ஊருல எடுத்துப் பாடுனாலும் இவிய எந்திரிச்சுப் பாடணும். எத்தன காலத்துக்கு."

அமலி பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நிறுத்திருங்கக்கா" என்றாள்.

ஒன்பது வீட்டாரும் சாமியின் அறையில் கூடினார்கள். மெற்றில்டா தான் நினைத்ததைச் சொன்னாள். அடிக்குரல் வரியை எடுக்கப் போவதில்லை, உபதேசியார் எழுதியபடி சுத்தமாக அச்சில் வரும், முளைத்த தனி வரிகள் எல்லாம் போய்விடும். ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன், திருவிழாப் பூசையில் பாடுகிற கடைசிப் பாட்டின் தாளில் மட்டும், அடிக்குரலின் கடைசிச் சுரத்துக்கு அப்புறம் ஒரு நீண்ட ஓய்வு போடுவாள். நிறைய அளவுகளுக்குச் சேர்ந்தாற்போல் பாடாமல் நிற்க வேண்டும் என்றால் கோட்டின்மேல் தடியாக ஒரு பட்டை போட்டு, எத்தனை அளவு என்று மேலே எண் எழுதுவார்கள், பாடகன் அத்தனை எண்ணிவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொள்வான். அவள் பட்டையைப் போடுவாள், எண்ணைப் போட மாட்டாள். எழுதியிருப்பதை மீறாதவர்கள் அவர்கள். எண் இல்லாததால் திரும்ப வந்து சேர வேண்டிய இடம் அவர்களுக்கு வராது, அதன்பிறகு புத்தகத்தை யார் எங்கே திறந்து பாடினாலும் அவர்கள் ஓய்விலேயே இருப்பார்கள்.

"அப்படின்னா எம்மவன் நின்னுக்கிட்டேயா இருப்பான்?" என்று கேட்டாள் பெஞ்சை உலுக்கிய அந்தத் தாய்.

"உக்காந்துக்கிடுவாவம்மா. ஓய்வுன்னா பாடகர் உக்காரலாம்" என்றார் கனகமேரி டீச்சர்.

அந்தத் தாய் வெகுநேரம் சம்மதிக்கவில்லை. மூச்சுத் திணறினாலும் குரல் கேட்டால் போதும் என்றாள், பிறகு தான் சொன்னதை நினைத்து வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். திருவிழா வரைக்கும் இருக்கிற மூன்று சனிக்கிழமையும் பாடட்டும் என்றாள். அப்படியே முடிவானது. அந்த மூன்று சனிக்கிழமைகளிலும் மெற்றில்டா தாள்களில் மூச்சு எடுக்கும் இடங்களைத் தாராளமாக, உபதேசியார் விட்டதைவிடக் கூடுதலாகவே வைத்தாள். பாட்டுகள் தொய்ந்து தொய்ந்து நகர்ந்தன, சுவாசம்தான் அதிகம் கேட்டது, கேட்க வந்தவர்கள் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மே மாதம் சூசையப்பர் திருவிழா வந்தது. அலங்காரத் தேர் ஊரைச் சுற்றி வந்து நின்றது, காலைப் பூசைக்குக் கோவில் கொள்ளாமல் மணலில் பந்தல் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், தாலுகா அதிகாரிகூடக் குடும்பத்தோடு வந்திருந்தார். கடைசிப் பாட்டை எல்லோரும் எழுந்து நின்று கேட்டார்கள். அடிக்குரல் கடைசி வரியில் கீழே கீழே இறங்கி, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற ஒரு சுரத்தில் வந்து நின்றது. சந்தியாகு அதைக் கொஞ்சம் முந்தி விட்டான், மற்றவர்கள் விட்டார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெண்கள் மிச்சமிருந்த இரண்டு வரியையும் அவர்கள் இல்லாமல் பாடி முடித்தார்கள். கனகமேரி டீச்சர் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினார். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்து, பெஞ்சில் இருந்த தாள்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தது.

சாமி இறுதி ஆசீர் கொடுத்தார். ஆட்கள் கலைந்தார்கள், வெளியே வாணம் போட்டார்கள், பந்தலில் சாப்பாட்டுக்கு இலை விரித்தார்கள். மெற்றில்டா மட்டும் ஆல்ட்டோ வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாளில் தான் போடாமல் விட்ட எண் அவள் தலைக்குள் ஓடத் தொடங்கியிருந்தது. ஓய்வில் இருக்கிறவனுக்காக யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பாடகர்களுக்கு ஊறிப்போன பழக்கம், சேலைத் தலைப்புக்குள் விரலை மடக்கி மடக்கி அவள் ஒவ்வொரு அளவாக எண்ணிக்கொண்டிருந்தாள். நூறு போனது. இருநூறு போனது. அவர்கள் அங்கே உட்கார்ந்துவிட்டார்களா, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்களா, யாராவது காலை நீட்டியிருப்பானா என்று யோசித்துக்கொண்டே, யோசிப்பது எண்ணுவதைக் கெடுக்காதபடி எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டில் அமலி வந்து பக்கத்தில் நின்றாள்.

"இவளக் கொஞ்சம் பிடிங்கக்கா. சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கணும், ரெண்டு பேருக்கும் வாங்கியாரேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

பிள்ளை கனமாக, சூடாக இருந்தது. அது அவளுடைய முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தது, மேலே மின்விசிறியைப் பார்த்தது, பிறகு தலைப்புக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்த விரலைக் கண்டுபிடித்து, கையை நீட்டி, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மெற்றில்டா விரலை இழுத்துப் பார்த்தாள், அது விடவில்லை. நானூற்றுப் பதினைந்தா, பதினாறா என்று தடுமாறினாள், பிறகு அதுவும் போய்விட்டது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கலாமா என்று ஒரு கணம் இருந்தது. விரலைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிட்டு, அமலி சோற்றோடு வருகிறாளா என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.